ஜன்னலக்காவின் வெயில்

நகரத்திலும் அதைச் சுற்றியும் உள்ள எந்தப் பூங்காவிலும் ஜன்னலக்காவின் மேல் மரநிழல் விழுவதில்லை. குடையின் நிழல் விழும், சுவரின் நிழல் விழும், நிற்கிற பேருந்தின் நிழலில் அவள் தாராளமாக ஒதுங்கலாம். மரம் மட்டும் மாட்டேன் என்கிறது. கிளைக்குக் கீழே அவள் வந்ததும் நிழல் நகர்ந்துகொள்ளும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெயில் அவளைச் சுற்றி இறங்கும், அவள் எழுந்து போனதும் நிழல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருபவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். குழாயில் காற்று வருகிறது, தண்ணீரில் புழு வருகிறது என்று ஊரே அவளிடம் முறையிடும். தன்னுடைய புகாரை அவள் எங்கும் கொடுக்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன். அச்சகம் மூடியபின் நகரத்தின் பெரிய பூங்காவில் கரடி வேஷம் போட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டும் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் பூங்கா நிர்வாகத்தில் இருக்கிறார் என்று அவள் அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்தாள். முழுப் பொய் இல்லை, ஆனால் அதைக் கேட்ட யாருக்கும் கரடி நினைவுக்கு வராது. ஒருநாள் அலுவலகத்தார் எல்லோரும் சாப்பாடு கட்டிக்கொண்டு அதே பூங்காவுக்குப் போனார்கள். அவளைக் கண்டதும் கரடி குழந்தைகளை விட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கைகளையும் ஆட்டி, இடுப்பை வளைத்து, அவளைச் சுற்றிச் சுற்றி ஆடியது. "என்ன ஜன்னலக்கா, கரடி உங்களையே சுத்துது? சொந்தமா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "சொந்தமாம் சொந்தம்! கூலிக்குக் குதிக்கிறவன், யாரைப் பாத்தாலும் குதிப்பான்" என்றாள் ஜன்னலக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தாள். கரடி ஆட்டத்தை நிறுத்தி, சபையில் குனிவதுபோல ஒருமுறை குனிந்துவிட்டுக் குழந்தைகளிடம் திரும்பிப் போனது. அப்போதுதான், பேருந்து இருக்கையில் பக்கத்து ஆளைப் பிடிக்காதவர் ஒதுங்கி உட்காருவதுபோல, மரநிழல் அவளைவிட்டு ஒதுங்கியது. "வெயில்ல ஏன் காயறீங்க, உள்ள வாங்க" என்றார்கள். அவள் உள்ளே நகர்ந்தாள். வெயிலும் கூடவே வந்தது.

அன்று மாலை அவன் வந்து, சாப்பிட்டு, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டான். அந்தக் கரடித் தலை தலையணை மாதிரி கனம், அதற்குள் என்ன கேட்டிருக்கப்போகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பல வருடங்கள் அதையே சொல்லிக்கொண்டாள்.

நிழல் விஷயம் வீட்டில் தெரிந்தபோது கூடப்பிறந்த அக்கா அவளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அவர் ஒரு களிம்பு கொடுத்தார். கணவன் மட்டும் குற்றம் மரங்களுடையது என்று முடிவு செய்தான். அவளுக்குத் தோதான நிழல் எங்கோ இருக்கத்தான் செய்யும், தேடிப் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனான். வயதானவர்கள் சதுரங்கம் ஆடும் ஆற்றோரப் பூங்கா, படி ஏறி மூச்சு வாங்கவைக்கும் குன்றுப் பூங்கா, விமானங்கள் தலையை உரசுவதுபோலப் பறக்கும் பூங்கா, காதலர்கள் பெயர் செதுக்கிச் செதுக்கித் தோல் உரிந்துபோன மூங்கில் பூங்கா. இன்று நகரத்தில் நல்ல பூங்கா எது என்று யார் கேட்டாலும் அவர்களைத்தான் கேட்கச் சொல்கிறார்கள். "புல்லு பிரமாதம், மரத்துக்குத்தான் மரியாதை தெரியல" என்பான். "இங்க உட்காரு, இங்க இலை அடர்த்தி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, அண்ணாந்து கிளைகளை முறைப்பான். அவளுக்கு வெயில் சுடவில்லை. அவளுக்காக அவன் அண்ணாந்து பார்த்ததுதான் சுட்டது. ஒவ்வொரு மரத்தடியிலும் சொல்லிவிட வாயெடுத்தாள். ஒருவேளை அன்று அவன் காதில் விழுந்திருக்காவிட்டால், தானே போய்க் கேட்கவைத்ததாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் அவன் கடைக்குப் போயிருந்தபோது, துவைத்துக் காயவைத்த கரடித் தலை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் இருந்தது. அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே வியர்வையும் சோப்பும் கலந்து மணத்தது. கீழ்வீட்டுக்காரி மகனைத் திட்டுவது கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. எதிர்வீட்டில் யாரோ பக்கம் புரட்டுவதுகூடக் கேட்டது. எல்லாம் வெளியில் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும் சத்தமும் கேட்டது. அவன் வந்து எதிரே நின்றான்.

"என்ன இது, வேர்க்கும், கழட்டு."

அவள் கழற்றவில்லை. உள்ளிருந்தபடியே, "அன்னைக்கு நான் சிரிச்சேன்" என்றாள்.

"கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு என்னைப் பார்க்கு பார்க்கா கூட்டிட்டு அலைஞ்சீங்க?"

அவன் பையிலிருந்த தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். "கோவம் இருந்துச்சு. அதுக்காக உன்னை வெயில்லயே விட்டுடறதா?"

வெகுநேரம் கழித்துத்தான் அவள் தலையைக் கழற்றினாள். அதற்குள் அவன் சமைத்து முடித்திருந்தான்.

மறுவாரம் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனார்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நிழலுக்கென்றே பேர் போன இடம். குளிர் தொடங்கியிருந்தது. அங்கும் நிழல் ஒதுங்கியது. இந்தமுறை அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. தலை நிழலிலும் கால் அவள் வெயிலிலுமாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்து, "அக்கா, இங்க மட்டும் நல்ல வெயில் இருக்கு, பிள்ளையைக் கொஞ்சம் போடட்டுமா?" என்றாள். ஜன்னலக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்காமல் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரா? என்ன வேலை பாக்குறார்?"

"பெரிய பார்க்குல கரடி வேஷம் போடறார்."

"அப்படியா? எங்க பெரியவன் பாத்தா விடமாட்டான்" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளையின் சட்டையைத் தளர்த்தினாள். அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம், இத்தனை வருடமும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது ஜன்னலக்காவுக்கு முகம் காது வரை எரிந்தது. கண்ணை மூடியிருப்பவன் தூங்குகிறானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நிழல் ஒரு கை தூரத்தில் கிடந்தது. அது வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. குழந்தை அந்த வெயிலில் கைகால்களைப் பரப்பிக்கொண்டு தூங்கிப்போனது.