ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

ரோவல் ரோட்டு அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், தம்பி கிளாரன்ஸின் சவப்பெட்டிக்கும் அந்தப் பக்கத்துக் கல்யாண மேசைகளுக்கும் நடுவே நாற்பதடிதான் இருந்தது. அல்போன்சம்மாள் குடையை ஊன்றியபடி அதைக் கடந்துகொண்டிருந்தார். ஜெபம் சொல்லவேண்டிய ஃபாதர் வரத் தாமதமாகிவிட்டது. பதினொரு மணிக்கே வரவேண்டிய மாப்பிள்ளை ஊர்வலம் எந்த நேரமும் வந்துவிடலாம். கொட்டுச் சத்தத்தில் ஜெபம் அமுங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

சத்தத்தைவிடக் கொட்டுக்காரர்களை நினைத்துத்தான் அவர் அதிகம் பயந்தார். மலாய்க் கல்யாணங்களில் கொம்பாங் என்ற கைமேளம் அடிக்கும் அந்தக் குழுவில் கிளாரன்ஸும் இருபத்திரண்டு வருடம் அடித்திருந்தான். அவனுக்கு முன் மேளம் தொட்ட கை அவர்கள் குடும்பத்தில் கிடையாது; அவருக்கு அது வெட்கம். பூசைக்கு அவன் வராததைப் பற்றிக் கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம், தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றே சொல்லிவந்தார். இன்று கோயில் ஜனம் முழுக்கப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

எட்டு மாதம் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவன். குழாய் இல்லாத முகத்தை வியாழக்கிழமை பார்த்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணப் பெண்ணின் தகப்பன், ஆறாம் மாடி அஸ்மத், அவரைக் கண்டதும் எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா, தேதிய மாத்த முடியல. கிளாரன்ஸ் அண்ணன் பெட்டி கிளம்புற வரைக்கும் இங்க சத்தம் இருக்காது லா."

கொம்பாங்குகள் மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. பச்சைச் சட்டையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது நாற்காலியில் மடித்த சட்டை ஒன்று இருந்தது. திட்டிக்கொண்டே அவர் எத்தனையோ தடவை இஸ்திரி போட்ட சட்டை.

"மாப்பிள்ளை எங்க?"

"கார்ல. ஒரு மணி நேரமாச்சு. கிளாரன்ஸ் அங்கிள் மொதல்ல போகட்டும்னு மாப்பிள்ளை ரிஸ்வானே சொல்லிட்டாரு."

சொல்ல வந்ததற்கு இனி அவசியமில்லை. அல்போன்சம்மாள் பெட்டியை நோக்கித் திரும்பினார்.

ஃபாதர் வந்தார். ஜெபத்தின் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. பெட்டியை வண்டியில் ஏற்றும்போது பச்சைச் சட்டைக்காரர்கள் வந்து, வெறுங்கையோடு வரிசையாக நின்றார்கள். கோயில் பெண்கள் அவர்களையும் இவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

அல்போன்சம்மாள் நிமிர்ந்து நின்றார். பக்கத்திலிருந்த மேரி கமலத்திடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, சொன்னார்:

"ஓவர்டைம்னு சொன்னேன்ல, இவங்களோடதான். கொம்பாங் அடிப்பான் என் தம்பி."

மேரி கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியுமேக்கா. எங்க புளோக் கல்யாணத்துக்கே வந்து அடிச்சிருக்காரு. நீங்க ஓவர்டைம்னு சொன்னதால நாங்களும் ஓவர்டைம்னே சொல்லிக்கிட்டோம்."

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அல்போன்சம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு நேராக அஸ்மத்திடம் போனார்.

"மாப்பிள்ளைய இன்னும் எவ்வளவு நேரம் கார்லயே வச்சிருப்பீங்க? இறங்கச் சொல்லுங்க."

"வண்டி முனை திரும்பட்டும்க்கா."

"அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே அடிக்கச் சொல்லுங்க."

கிளாரன்ஸின் மகன் எலைஜா தன் கார்க் கதவை அத்தைக்குத் திறந்துவிட்டான். அவர் ஏறி உட்கார்ந்தார். முன்னால் பெட்டி வண்டி மெதுவாக நகர்ந்தது. பின்னால் கொம்பாங்கில் முதல் அடி விழுந்தது. ஒன்பது கைகளும் சேர்ந்துகொண்டன.

அல்போன்சம்மாள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஏர்கான் போட்டிருக்கு அத்தை."

"இருக்கட்டும்," என்றார். "மெல்லப் போ."