பலகை மேல நின்னிருக்கலாம்

சட்டையின் மேல் பொத்தானைத் தைத்து முடித்து அக்கா நூலைப் பல்லால் கடித்தபோது, கூடத்தில் யாரோ மறுபடியும் அதையே சொன்னார்கள்.

"பலகை மேல நின்னிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை."

காலையிலிருந்து இதே பேச்சு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள், தம்பியின் முகத்தைப் பார்க்கிறார்கள், உச்சுக் கொட்டுகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்ததும் பலகைக்கு வந்துவிடுகிறார்கள். செத்தவன் பரீட்சையில் சுலபமான ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்துவிட்டான் என்பது போலப் பேசுகிறார்கள். அக்கா சட்டையை உதறி மடித்தாள். அவள் தைத்த சட்டைதான். போட்டுக்கொள்ள அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கடலுக்குப் போகாத மாதங்களில் சின்னப் படகுகளை எல்லாம் கரையேற்றி, யார்டில் கட்டைகள் மேல் உட்கார வைத்துவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் கட்டுப்படியாகாது என்று அவரவர் படகை அவரவரே தேய்த்து, வெடிப்பை அடைத்து, பெயிண்ட் அடித்துக்கொள்வார்கள். தேய்க்கிற மெஷினுக்கும் துளை போடுகிற மெஷினுக்கும் கரண்ட் வேண்டும். அதற்கு யார்டின் நடுவில் ஓர் இரும்புக் கம்பம், அதில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் சுவிட்ச். அந்தப் பெட்டியைத் தொட்டால் அடிக்கும். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கம்பத்தடியில் ஒரு மரப்பலகை கிடந்தது. அதன்மேல் ஏறி நின்று சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் ஆகாது. யார்டுக்குப் புதிதாக வருகிறவனுக்குக் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னால் பலகையைக் காட்டுவார்கள். அடி வாங்கினவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனும் கையை உதறிக்கொண்டு கூடவே சிரிப்பான்.

நேற்று, அங்கே படகு போட்டிருந்த வாத்தியார் ஒருவர் தன்னால் முடியாமல் கூலிக்கு வைத்த பெயிண்டர், அந்தப் பலகையை எடுத்து இரண்டு டிரம்களின் மேல் போட்டு, அதில் நின்று அவர் படகின் மேல்பக்கத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். தம்பி தன் படகின் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு, ஈரக் காலோடு மெஷினைப் போட வந்தான். பலகை இல்லை. எட்டி சுவிட்சைத் தட்டினான். அவ்வளவுதான்.

சிரிக்க யாருக்கும் வாய்க்கவில்லை.

மற்றவர்களுக்கு ஓய்வு என்றால் தூக்கம். தம்பிக்கு ஓய்வு என்றால் படகு. இந்த வருஷம் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் ஏறினால் தானே ஓடும் பம்ப் ஒன்று, முனையில் விளக்கு, வலையை உள்ளே போட்டு மூடி அதன்மேலேயே உட்காரும்படி ஒரு பெட்டி. பெட்டிக்கு மெத்தை உறை தைக்கிற வேலையை அக்கா தலையில் கட்டியிருந்தான். நாலு தடவை அளவை மாற்றிக்கொண்டு அவள் தையல் கடைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ரெண்டு விரல் கம்மி பண்ணேன்."

"உன் படகு என்ன கல்யாணப் பொண்ணாடா, அளவெடுத்துத் தைக்க?"

"உட்காரப் போறது நீதான். சீசன் ஆரம்பிச்சதும் முதல் நாள் உன்னைத்தான் கூட்டிட்டுப் போவேன். பாரு."

இப்படிப்பட்டவனைத்தான் கூடத்தில் கவனக்குறைவுக்காரன் என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் துணிப் பந்தல், பந்தலுக்கடியில் சிவப்பு நாற்காலிகள், தண்ணீர் கேன்கள், ஒரு டிரம் நிறைய டீ. எல்லாம் யார்டு முதலாளியின் ஏற்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை வாங்கி வந்ததும் அவர்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் யார்டைப் பார்த்ததைவிட முதலாளி சொன்னதை அதிகமாகக் கேட்டுக்கொண்டு போனார். "ஈரக் கையோட தொட்டுட்டான் சார்" என்று அவர் சொன்ன விதத்தில் அவ்வளவு துக்கம் இருந்தது. தம்பியின் மனைவியிடமும் பேசியாகிவிட்டது. மிச்ச வேலையைத் தன் ஆட்களை வைத்தே முடித்து, நல்ல ஆளாகப் பார்த்துப் படகைக் கைமாற்றித் தருகிறாராம். கவலையே படக்கூடாதாம். அந்தப் பெண்ணும் தலையாட்டியிருந்தாள். அந்த நிலையில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வாள்.

பெயிண்டர் வந்தான். பேன்ட்டில் நேற்றைய நீலம் காய்ந்திருந்தது. நேராக அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் அக்கா பலகைய எடுத்தேன். திரும்பப் போட்டிருக்கணும். சாப்பிட்டுட்டுப் போடலாம்னு இருந்துட்டேன்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் முதலாளி வந்து அவன் தோளைத் தட்டினார்.

"விடுப்பா. நீ வேணும்னா பண்ணினே? உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. மனசுல வெச்சுக்காத."

நாலு பேர் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது. செத்தது அவள் தம்பி. மன்னிக்கிற வேலையை இவர் ஏன் எடுத்துச் செய்கிறார்? அவ்வளவு பேர் நடுவில் மன்னித்தால் குற்றம் யாருடையது என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது அல்லவா! பெயிண்டர் என்னவோ நன்றியோடு தலையாட்டிக்கொண்டிருந்தான், பாவம்.

தம்பியின் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணி, அவர் மோதிரம் கையில இல்ல. படகுலதான் இருக்கும். மெஷின் பிடிக்கறதுக்கு முன்னாடி கழட்டி ஆணியில மாட்டிடுவார்."

"நான் போய் எடுத்துட்டு வரேன். நீ கொஞ்சம் டீயாவது குடி."

யார்டு இரண்டு தெரு தள்ளி. ஆள் யாரும் இல்லை. எல்லாரும் சாவு வீட்டில் இருந்தார்கள். படகுகள் கட்டைகள்மேல் வரிசையாக நின்றன. ஒன்றில் பாதி பெயிண்ட், ஒன்றில் அடிப்பலகை பிரித்தபடி, ஒன்றில் என்ஜினே இல்லை. தம்பியின் படகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடங்களில் வெளுத்திருந்தது. வெடிப்பு இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். ஏணியில் ஏறி உள்ளே பார்த்தாள். பம்பின் ஒயர்களை எல்லாம் சின்னச் சின்னப் பட்டைகளால் கட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஓரமாகக் கொண்டுபோயிருந்தான். மோதிரம் ஆணியில் தொங்கியது. இவனா கவனக்குறைவுக்காரன்?

இறங்கித் திரும்பியபோதுதான் கம்பத்தைப் பார்த்தாள்.

இரும்புப் பெட்டி இல்லை. அந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் புதுப் பெட்டி. மேலே ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. பெட்டியிலிருந்து பச்சை ஒயர் ஒன்று கம்பத்தோடு இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது. அது இறங்கிய இடத்தில் மண் புதிதாகக் கிளறப்பட்டு இன்னும் ஈரமாக இருந்தது. மரப்பலகையைக் காணவில்லை.

எர்த் ஒயர், கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி. தம்பி முதலாளியிடம் மூன்று தடவை கேட்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் "அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்ப்பா" என்று பதில் வந்ததை அவள் கடையில் உட்கார்ந்துதான் சொல்லிச் சிரித்தான். உயிரோடு இருந்து கேட்டவனுக்குச் சீசன் சீசனாக நடக்காத வேலை, அவன் செத்து, இன்னும் வீட்டைவிட்டு எடுப்பதற்குள் முடிந்திருக்கிறது.

அக்கா செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று, உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. இவ்வளவு சுலபமா? ஒரு பெட்டி, ஒரு ஒயர், ஒரு காலை நேர வேலை. இதற்காகவா அவன் அங்கே கிடக்கிறான்?

"பாவி" என்றாள். யார்டில் கேட்க யாரும் இல்லை.

அவள் திரும்பி வந்தபோது சவ வண்டி தெருமுனையில் நின்றுவிட்டிருந்தது. தெருவுக்குள் வர அதற்கு வழியில்லை. மோதிரத்தைத் தம்பியின் மனைவி கையில் கொடுத்தாள். அவள் அதைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். தம்பிக்குப் புதுச் சட்டை போட்டாயிற்று. சவப்பெட்டியை மூடி வாசலுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்கள். தூக்குவதற்கு ஆறு பேர் வந்து நின்றார்கள். முன்னால் இடது மூலையில் முதலாளி, பின்னால் பெயிண்டர், பக்கத்தில் வாத்தியார், மற்றவர்கள் எல்லாரும் யார்டில் படகு போட்டிருக்கிறவர்கள்.

அக்கா போய் முன்னால் நின்றாள்.

"புதுப் பெட்டி நல்லா இருக்கு முதலாளி."

"எந்தப் பெட்டிம்மா?"

"யார்டுல மாட்டியிருக்கீங்களே. தொட்டுப் பார்த்தேன். அடிக்கல."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே யாருக்கும் இப்படி ஆகக்கூடாதுல்லம்மா. அந்த நல்ல எண்ணத்துலதான்..."

"பழசு எங்க?"

"அது துருப்பிடிச்சுக் கிடந்தது. தூக்கிப் போட்டாச்சு."

"அவன் செத்த மறுநாள் காலையிலதான் துருப்பிடிச்சுதா?"

கூட்டத்தில் ஒருவர், "எடுக்கிற நேரத்துல என்னம்மா இது, அப்புறம் பேசிக்கலாமே" என்றார்.

"அப்புறம் யார்கிட்ட பேசறது? எடுத்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க."

முதலாளி குரலைத் தழைத்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. என் பிள்ளை மாதிரி அவன். ஆனா நடந்ததுன்னு ஒண்ணு இருக்கில்ல. அந்தப் பலகை மேல மட்டும் நின்னிருந்தான்னா..."

"பலகை எதுக்கு முதலாளி அங்க கிடந்தது?"

முதலாளி சவப்பெட்டியின் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"உயரம் பத்தலன்னு போட்டதா? உட்கார்ந்து டீ குடிக்கப் போட்டதா?" அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. காலையிலேர்ந்து வாய் ஓயாம பலகை, பலகைன்னு சொன்னீங்களே. எல்லாரும் அது மேல ஏறி நின்னவங்கதான். எதுக்கு நின்னீங்க?"

யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியாதது இல்லை. ஒவ்வொருவன் படகும் யார்டில் பாதி பிரித்துக் கிடக்கிறது. நாளைக்கே எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொன்னால் எங்கே கொண்டுபோய் வைப்பது? இதெல்லாம் புரிந்ததில் அவள் ஆத்திரம் அதிகமானதே தவிர குறையவில்லை. படகுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தம்பிக்கு இந்தக் கெட்ட பெயரா?

முதலாளி வாசல்படியைப் பார்த்தார். தம்பியின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீயாவது சொல்லும்மா உங்க அண்ணிகிட்ட. நேரமாகுதுல்ல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

"எனக்கு அடிச்சிருக்கு அக்கா." பெயிண்டர்தான். பெட்டியின் பின்பக்கம் தலை குனிந்தபடி நின்று சொன்னான். "ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை கீழ விழுந்துட்டேன்."

"நீ பேசாம இரு" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் முன்னால் மன்னித்த குரலாக அது இல்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எனக்கும்தாம்மா. போன வருஷம். அன்னிக்குப் பூரா கை மரத்துப்போய்க் கிடந்தது. வீட்டுல சொன்னா படகை வித்துடச் சொல்லுவாங்கன்னு சொல்லல."

"எனக்கும்" என்றது ஒரு குரல்.

"என் மச்சானுக்கு. அதுக்கப்புறம் அவன் யார்டுப் பக்கமே வரல."

"எனக்கு மழையன்னிக்கு."

அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். நன்றி ஒன்றும் வரவில்லை அவளுக்கு. இத்தனை பேரா? இத்தனை பேரும் ஒன்றாகப் போய் ஒரு நாள் கேட்டிருந்தால்?

"இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

வாத்தியார் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "நான் வரேன். இவனைக் கொண்டுபோய் வெச்சுட்டு நேரா போயிடலாம்."

"நானும்" என்றான் பெயிண்டர்.

முதலாளி பெட்டியின் மூலையை இன்னும் விடவில்லை. "சரி சரி, தூக்குங்கப்பா. வெயில் ஏறுது" என்று குனிந்தார்.

"கையை எடுங்க" என்றாள் அக்கா.

"அம்மா..."

"என் தம்பி மேலேருந்து கையை எடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அவர் போட்ட பந்தல், அவர் போட்ட நாற்காலிகள். கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

வாத்தியார் "ம்" என்றார். ஐந்து பேரும் தூக்கினார்கள். முன்னால் இடது மூலை இறங்கியது. பின்னால் வந்த பெயிண்டர் தோளைத் தாழ்த்திச் சமன் செய்யப் பார்த்தான். ஓரமாக நின்றிருந்த ஆண்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், பின்னால் நின்ற முதலாளியையும் பார்த்தார்கள், நின்ற இடத்திலேயே நின்றார்கள். தெருமுனையில் இருந்த வண்டி வரைக்கும் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனது.