சகலை போட்ட கோடு

சகலை தர வேண்டியது எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். வெளிநாடு போவதற்காகப் பெட்டி, குளிர்க்கோட்டு என்று கொத்தனாரிடம் கைமாற்றாக வாங்கியது. திரும்பி வந்ததும் கொடுக்கத்தான் வந்தான். கொத்தனார்தான் வாங்கவில்லை.

"இருக்கட்டும், என்ன அவசரம்?"

பெருந்தன்மை என்று அவர் மனைவி நினைத்தாள். கடன் இருக்கிற வரைக்கும்தான் அவன் ஒரு படி கீழே நிற்பான் என்பது கொத்தனாரின் கணக்கு.

சகலை அவருடைய கொழுந்தியாளின் புருஷன். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று இங்கே கூட்டுச் சேர்ந்து, கதிர் மெஷினுக்குப் பாதி விலை கொடுத்து, அதை இயக்கப் பழக இவனையும் ஆறு மாதம் கூட்டிப் போனது. அந்த ஆறு மாதத்தில் மெஷினுக்கு அறை கட்டியவர் கொத்தனார். கதிர் கசியக் கூடாதென்று ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குச் சுவர். இடையில் நிறுத்தினால் ஒட்டு விழுந்து அந்த வழியாகக் கதிர் கசியும் என்று ராப்பகலாகக் கான்கிரீட் போட்டு இடுப்பு விட்டுப்போனது.

திறப்பு விழா முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு படம் மாட்டினார்கள். வெளிநாட்டு டாக்டர்கள் நடுவில் சகலை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் சுவர் தெரிந்தது.

கொத்தனாருக்கு அன்று பிடித்தது வயிற்றெரிச்சல். சில மாதத்தில் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றபோதும், எரிச்சல்தான் மேலே ஏறிவிட்டது என்று நினைத்தார். உணவுக்குழாயில் கட்டி என்றார்கள்.

கதிர் விழ வேண்டிய இடத்துக்கு மார்பில் மையால் கோடு போட்டவன் சகலை.

"அண்ணே, குளிக்கும்போது இதை மட்டும் தேய்ச்சிடாதீங்க. இதை வச்சுத்தான் தினமும் குறி பார்ப்போம்."

வீட்டில் மனைவி சட்டையை விலக்கிப் பார்த்தாள். "நம்ம தங்கச்சி மாப்பிள்ளைக்கு என்ன கைங்க. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

முப்பது வருஷம் நூல் பிடித்துச் சுவர் எழுப்பிய மனுஷனிடம் சொல்லக் கூடாத வார்த்தை. கொத்தனார் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்டுக் கறை போக்குகிற நாரை எடுத்தார்.

மறுநாள் சகலை அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றான். தோல் சிவந்திருந்தது. கோடு இல்லை.

"என்ன அண்ணே இது?"

"வேர்வையில போயிருக்கும்."

அவன் போய் டாக்டரைக் கூட்டி வந்தான். மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதிதாகக் கோடு போட வேண்டும் என்றார்கள். சிகிச்சை தள்ளிப்போனது. மெஷின் வந்த முதல் வருஷம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாராவாரம் வெளிநாட்டு டாக்டர்கள் திரையில் வந்து கேட்பார்கள். அதை வைத்துத்தான் சகலைக்கு வேலை நிரந்தரம். கொத்தனார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இங்கிலீஷில் பேச்சு நீண்டது. நான் தேய்த்ததைச் சொல்லி மாட்டிவிடுவான், விடட்டும் என்றிருந்தார்.

நர்ஸ் வெளியே வந்தாள். "உங்க சொந்தக்காரர் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். நோயாளிக்கு ஒழுங்கா விளக்காதது தன் தப்புதான்னு சொல்லிட்டார்."

கொத்தனாருக்கு முன்னைவிட எரிந்தது. இதிலேயும் முந்திக்கொண்டானே.

வெளிநாட்டு டாக்டர்கள் சொன்ன யோசனைப்படி இந்த முறை மை இல்லை. ஊசியால் மூன்று புள்ளி. பச்சை குத்துகிற மாதிரி. சகலை குனிந்து குத்தினான். குத்துவதற்கு முன் ஒவ்வொரு புள்ளியையும் மூன்று தடவை அளந்தான்.

"பயமா இருக்காடா?"

"சொந்த ஆளு மேல ஊசி வைக்கிறதுன்னா பின்ன? அசையாதீங்க, அண்ணே."

மெஷின் இருந்த அறைக்குள் விட்டு, தனியாகப் படுக்க வைத்தார்கள். எல்லாரும் வெளியே போனார்கள். படுத்தபடி சுவரைப் பார்த்தார். எங்கேயும் ஒட்டு இல்லை. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் தான். நடுவில் தன் கைவேலை. அவனுக்கு ஒன்றும் ஆகாது.

வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பணத்தை எங்கேடா வச்சிருக்க?"

சகலை பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினான். மூலைகள் மழுங்கியிருந்தன. கொத்தனார் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார்.

"ஐம்பது ரூபா நோட்டு கிழிஞ்சிருக்கு. மாத்திக் குடு."

அவன் மாற்றிக் கொடுத்தான்.