ரசமட்டம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பாவின் உடலைக் கூடத்தில், ஜன்னலோரமாகப் பித்தளைக் கட்டிலில் கிடத்தினார்கள். பன்னிரண்டு மணிக்குச் சவப்பெட்டி வரும். அதுவரை அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஜன்னல் ஏசி ஒன்றை வாடகைக்கு எடுத்து, முந்தின நாளே நான் பொருத்தியிருந்தேன். கானாவின் கடலோர ஊரான இந்தச் செகொண்டியில் பாதி ஜன்னல்களில் ஏசி மாட்டியவன் நான்தான்.

அப்பா கொத்தனார். தெருவில் என் வேலையைப் பார்க்கும்போதெல்லாம், "கோபினா, ஒண்ணாவது நேரா நிக்குதாடா? எல்லாம் பின்னாடி சாஞ்சு கெடக்கு" என்பார். பின்பக்கம் அரை விரல் தாழ்ந்திருந்தால்தான் உள்ளே ஊறும் தண்ணீர் வெளியே போகும் என்று எத்தனையோ முறை சொன்னேன். "கோணலுக்கு ஒரு காரணமா?" என்பதுதான் பதில். பிறகு அப்பாவின் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

அதனால் இந்த ஒன்றை மட்டும் அவருடைய ரசமட்டத்தை வைத்துப் பொருத்தினேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

எட்டு மணிக்குத் தண்ணீர் உள்ளே வந்தது. கடல்காற்றின் ஈரம், வந்து போகிறவர்களின் மூச்சு. அடித்தட்டு நிரம்பி, முன்விளிம்பிலிருந்து அப்பாவின் தோளில் சொட்டியது.

அவருடைய தங்கை எக்குவா அத்தை பார்த்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் மாட்டுறவன் அப்பனுக்கு மாட்டின லட்சணமா இது? எங்கண்ணன் நனையணுமா?"

"ரெண்டே நிமிஷம் அத்தை. அடியில ஒரு ஆப்பு அடிச்சிடறேன்."

"சுத்தியலத் தொட்டே, கைய ஒடைச்சிடுவேன். பெட்டிக்கு ஆணி அடிக்கறதா நெனைச்சு பொம்பளைங்க அலறுவாங்க. ஏசிய நிறுத்தவும் கூடாது. இந்த வெக்கையில..."

அவளே ஒரு அட்டையை மடித்து ஏசியின் முன்பக்கத்துக்கு அடியில் செருகினாள். அது ஊறி நசுங்கியது. நான் முன்விளிம்புக்கு அடியில் தோளைக் கொடுத்து அரை விரல் தூக்கினேன். சொட்டு நின்றது. வெளிச்சுவரில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் குடும்பத்துக்கு வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு போனார்கள். என் நாற்காலி காலியாக இருந்தது. என்னிடம் கையை நீட்டியவர்கள் பாதியில் இழுத்துக்கொண்டார்கள். அப்பாவிடம் சித்தாளாக இருந்த கிழவர் ஆன்சா மட்டும் நின்றார்.

"என்ன தம்பி, செவுரு தாங்கலையா?"

"நேரா வெச்சுட்டேன் ஐயா. அதான்."

அவருக்குப் புரியவில்லை. "நேராத்தானே வெக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான்கு மணி நேரம் நின்றேன். பல வருடங்களில் அந்த வீட்டில் நான் அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான்.

பெட்டி வந்தது. "விட்டுட்டு வாடா, அப்பாவைத் தூக்கிப் பெட்டியில வெக்கணும். தலைமாடு உனக்குத்தான்" என்றாள் அத்தை. குரல் தணிந்திருந்தது.

தோளை எடுத்தேன். மரத்துப்போயிருந்தது. கை மேலே எழவில்லை.

தலைமாட்டை ஆன்சா பிடித்தார்.