நூற்றுக்கு இரண்டு

"ரெண்டு எண்டு கதைச்சது அப்ப, தங்கச்சி. இப்ப அஞ்சு. உங்கட வீட்டை விக்கிறதுக்கு அஞ்சு, உப்புவெளி வீட்டை வாங்கிறதுக்கு மூண்டு."

புரோக்கர் சின்னராசா இதைச் சொன்னபோது பிரசாந்தினி பள்ளிக்கூடக் கந்தோரில் வரவுப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள்.

"அண்ணை, தரகு நூத்துக்கு ரெண்டு எண்டு நீங்கள்தானே வாயால சொன்னனீங்கள்?"

"வாயாலதானே? எழுதேல்லையே." சிரித்தார். "வீட்டு உறுதி என்னட்டப் பத்திரமா இருக்கு. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அதன்பிறகு அவளால் பதிவேட்டில் ஒரு பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை.

துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த அந்த வீடு அவளுடைய சீதன வீடு. கணவன் கிருஷாந்தன் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். வீட்டை விற்று, உப்புவெளியில் சின்னதாக ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் அவன் ஊரோடு வந்து ஒரு கராஜ் போடுவது என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். உப்புவெளி வீட்டுக்காரர் இராஜநாயகத்துக்குப் பத்து இலட்சம் அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மாத முடிவுக்குள் மிச்சத்தைக் கட்டாவிட்டால் அந்தப் பத்தும் போய்விடும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

வீடு தன்னுடையது என்று காட்டும் உறுதியைக் கொடுத்ததுதான் பிழை. வாங்குகிறவரின் லோயர் மூலப் பிரதியைப் பார்க்க வேணுமாம் என்று மூன்று கிழமைக்கு முதல் சின்னராசா வாங்கிப் போனார். ஒரு துண்டுகூட எழுதி வாங்காமல் அவள் கொடுத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் படலைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இரண்டு பேர். ஒருவன் போனில் வீட்டைப் படம் எடுத்தான். மற்றவன் மதிலோடு நடந்து காலடியால் அளந்தான்.

"ஆர் நீங்கள்?"

"சின்னராசா அண்ணை அனுப்பினவர். சும்மா பாக்கிறம்."

சும்மா பார்க்க எதற்கு அளக்க வேண்டும்? அவள் கதவைப் பூட்டி, கதிரையை இழுத்து முட்டுக் கொடுத்தாள். மகள் டிலக்ஷி, "ஏனம்மா?" என்று கேட்டதற்கு, "போய்ப் படி," என்றாள். அந்த உறுதியைக் காட்டி வேறு யாருக்காவது வீட்டை எழுதிவிட்டால்? ஈடு வைத்துவிட்டால்? கள்ளக் கையெழுத்தில் காணி போன கதைகள் அவள் கேட்காததல்ல.

கிருஷாந்தனுக்கு எடுத்தாள். அவனுடைய குரலும் பயந்துதான் இருந்தது. "கேக்கிறதைக் குடுத்து முடி, தினி. நீ தனிய இருக்கிறாய்."

ஒன்றரைக் கோடிக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் ஏழரை இலட்சம். அவன் வெயிலில் நின்று அனுப்பிய எத்தனை மாதக் காசு அது! உப்புவெளிக்கு அவர் கேட்ட மூன்று வேறு.

இனிக் கதைக்கக்கூடியவர் வீட்டை வாங்க வந்த நௌபர் ஒருவர்தான். கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர். ஆனால் சின்னராசா முதலே எச்சரித்திருந்தார்: "அந்தாளோட நேர கதைச்சிடாதேங்கோ. பொல்லாத மனிசன். சண்டைக்கு நிப்பான்." வீடு பார்க்க வந்த அன்று நௌபர் ஒரு சொல்லும் பேசாமல் சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆள் வேறு பெரிய ஆள்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டு பஸ் ஏறினாள். கிண்ணியாப் பாலத்தில், இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் எழும்பி, இரண்டு தரமும் திரும்ப சீட்டில் இருந்துவிட்டாள்.

நௌபரின் வீட்டுப் படலையைத் தட்டியபோது யன்னல் சீலை அசைந்தது. கதவு திறக்கவில்லை.

"ஆரு?"

"வீடு விக்கிற பிரசாந்தினி."

உள்ளே குசுகுசுப்பு. கனநேரத்துக்குப் பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. நௌபரின் மனைவி நஸ்ரியா வெளியே தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"தனியவா வந்தீங்க? உங்கட தம்பிமார் வரல்லியா?"

"எனக்குத் தம்பிமார் இல்லையே, அக்கா."

நஸ்ரியா அவளையே பார்த்தாள். "விலை குறைச்சுக் கேட்டா உங்கட தம்பிமார் கடைக்கு வந்து அடிச்சு நொருக்குவாங்க எண்டு சின்னராசா சொன்னாரு. நாங்க ஒரு மாசமாப் பயந்துகிட்டு இருக்கிறம்."

பிரசாந்தினி உள்ளே வந்து முதல் கதிரையில் இருந்துவிட்டாள். நௌபர் அறை வாசலில் நின்றார். அவர் வாய் திறந்தபோதுதான் அன்று பேசாததன் காரணம் தெரிந்தது. அவருக்குத் திக்குவாய்.

"எ... எவ்வளவு எண்டு உங்களுக்குச் சொன்னவர்?"

"ஒண்டரைக் கோடி, நானா."

"எங்களுக்கு நூத்தி அறுபத்திரெண்டு இலட்சம் எண்டாரு," என்றாள் நஸ்ரியா.

இடையில் இருந்த பன்னிரண்டு இலட்சம் யாருடைய பைக்குப் போக இருந்தது என்று மூவருக்கும் விளங்கியது.

வியாழக்கிழமை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னராசாவின் அறைக்கு மூவருமாகப் போனார்கள். அவர்களைச் சேர்த்துக் கண்டதும் அவர் முகம் மாறியது. பிரசாந்தினி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டு விலை ஒண்டரைக் கோடி. அதில நூத்துக்கு ரெண்டு, மூண்டு இலட்சம், என்ர பக்கம். இவையள் நூத்துக்கு ஒண்டு தருவினம். உப்புவெளி வீட்டுக்கு ஒண்டும் தர ஏலாது. இராஜநாயகம் ஐயாவை நானே தேடிப் பிடிச்சனான், நீங்கள் இல்லை."

சின்னராசா கதிரையில் சாய்ந்தார். "உறுதி எங்கையோ துலைஞ்சு போச்செண்டு நான் சொன்னால்?"

நஸ்ரியா பிரசாந்தினியின் கையைப் பிடித்தாள்.

நௌபர்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் நின்று நின்று வந்தது. "ப... பதிஞ்ச உறுதி. கா... காணிப் பதிவகத்தில பி... பிரதி எடுக்கலாம். லோ... லோயரைக் கேட்டுட்டுத்தான் வந்தம். நீங்க இல்லாம நேர எழுதுவம். அ... அப்ப உங்களுக்கு ஒரு சதமும் இல்ல. பொலிசில முறைப்பாடும் இரிக்கும்."

அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் எடுத்தது. சின்னராசா இடையில் குறுக்கிட இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்தார்.

உறுதியைப் பக்கம் பக்கமாக, முத்திரை முத்திரையாக அவள் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"காசு இப்ப இல்லை, அண்ணை. கையெழுத்து வைக்கிற அண்டைக்கு, உறுதி எழுதுற நொத்தாரிசின்ர முன்னால. அப்ப பற்றுச்சீட்டும் எழுதித் தாங்கோ."

"சரி, சரி," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை கையெழுத்தானது. சின்னராசா மூன்று இலட்சத்தை எண்ணி வாங்கிப் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார். நௌபரிடமிருந்து ஒன்றரை. உப்புவெளி வீட்டுக்கு மிச்சம் கட்ட இன்னும் மூன்று நாள் கையில் இருந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் மூவரும் தேத்தண்ணி குடித்தார்கள். பிரசாந்தினியின் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"முடிஞ்சுதே, தங்கச்சி. இன்னும் என்னத்துக்குப் பயப்படுறீங்க?" என்றாள் நஸ்ரியா.

"தெரியேல்லை, அக்கா," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள் அவள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.