வெர்ன் பிரசாரம் செய்த இலட்சணம்

தேர்தலின் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி. எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவனான என் கணவன் வெர்ன் சமையலறையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"மார்லி, நீ கவலையே படாத. என் தீயணைப்புப் படை மொத்தமும் உன் சட்டத்துக்கு 'ஆம்'னு போட்டிருக்கு. ஒவ்வொருத்தன்கிட்டயும் நானே நேர்ல போய்ச் சொன்னேன்."

கையிலிருந்த காபிக் கோப்பையை அவன் தலையில் போட்டு உடைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நல்ல கோப்பை என்பதால் விட்டுவிட்டேன்.

இந்த மனுஷனை என்ன செய்வது? மூன்று மாதமாக எங்கள் சீடர் கல்ச் ஊரில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டி, நாய்க்கடி வரைக்கும் வாங்கியிருக்கிறேன். புகை கக்கும் கம்பெனிகளிடம் காசு வாங்கிக் காட்டுக்கும் காற்றுக்கும் செலவழிக்கும் சட்டம் ஒன்று எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அந்தக் காசில்தான் வடக்கு மலைச்சரிவில் காய்ந்த மரங்களையும் புதர்களையும் வெட்டி எடுத்தார்கள். முந்தின வருஷக் கோடையில் மலை தாண்டி வந்த தீ அங்கே வந்ததும் படுத்துவிட்டது. தெற்குச் சரிவு அப்படியே கிடக்கிறது. அதன் அடியில்தான் எங்கள் வீடு. அன்றைக்குத் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நின்றவள் நான். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. வசந்தம் வந்ததும் தெற்கையும் வெட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள், சட்டம் பிழைத்தால்.

வாக்குச்சீட்டில் கேட்டிருந்த கேள்வி, சட்டத்தை ரத்து செய்யலாமா என்பது. 'ஆம்' போட்டால் சட்டத்துக்குச் சங்கு. 'இல்லை' போட்டால் பிழைக்கும்.

"கேள்விய முழுசா வாசிச்சியா நீ?"

"என்னத்த வாசிக்கறது? நல்ல விஷயம்னா 'ஆம்'தானே!"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தீயணைப்பு வரி, பள்ளிக்கூட வரி என்று இருபது வருஷமாக 'ஆம் போடுங்க' அட்டையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று பழகியவன். ஊரில் எல்லாருக்கும் அதே பழக்கம். நான் கேள்வியைப் படித்துக் காட்டியதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! பதினாலு பேர், மார்லி!"

"எத்தனை பேர் பெட்டியில போட்டுட்டாங்க?"

"தெரியல. நம்ம ஆளுங்க எதையும் கடைசி நாள்லதானே செய்வாங்க."

அந்தச் சோம்பேறித்தனத்தை நான் கும்பிட்டது அன்றைக்குத்தான். எங்கள் மாநிலத்தில் வாக்குச்சாவடி கிடையாது; தபாலில் வந்த சீட்டை நிரப்பி, உறையில் போட்டு, கையெழுத்திட்டு, பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைப்பார்கள். நூலக வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியை எட்டு மணிக்குப் பூட்டுவார்கள். பெட்டிக்குள் விழாதவரை உறையைத் திறக்கலாம். தப்பாகக் கறுத்த கட்டத்தின் குறுக்கே கோடு கிழித்துவிட்டு மற்றதைக் கறுக்கலாம். அது சீட்டிலேயே போட்டிருக்கிறது.

"தீப்பிடிச்சா கூப்பிடற பேஜர்ல ஒரு அலாரம் குடுத்தா எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல ஸ்டேஷனுக்கு வந்துடுவாங்க" என்றான் வெர்ன்.

"அரசாங்கப் பேஜர வச்சு ஓட்டு வேட்டையா? அபராதத்த உங்கப்பாவா கட்டுவாரு? வண்டிய எடுய்யா!"

எடுத்தான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. மழை வேறு கொட்டித் தீர்த்தது. எனக்கோ பயம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம்.

முதலில் கடைத்தெரு உணவகம். அதை நடத்துகிற நடீனும் வெர்ன் படையில் ஒருத்தி; வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அதே கத்தியால் உறையைக் கிழித்தாள்.

"சீஃப், நீங்க சொன்னா நெருப்புக்குள்ளயே போறவங்க நாங்க. அதுக்காக இப்படியா கவுப்பீங்க?"

"தப்புதான் தாயே, கோட்டைக் கிழி" என்றான் வெர்ன்.

மாட்டுத் தொழுவத்தில் ஒருவன், குளியல் தொட்டியில் ஒருவன், மாமியார் வீட்டு விருந்தில் இரண்டு பேர் என்று ஊர் முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொரு வாசலிலும் வெர்ன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான் ஒரு முட்டாள்" என்றே ஆரம்பித்தான். கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது. மூன்று பேர் முந்தின நாளே பெட்டியில் போட்டிருந்தார்கள். போனது போனதுதான். பத்துப் பேர் என் பேனாவை வாங்கிக் கோடு கிழித்து, உறையை டேப் போட்டு ஒட்டினார்கள்.

மிச்சம் ஒருவன், லாரி ஓட்டுகிற ராய்ஸ்.

"எனக்கு வாசிக்கத் தெரியும், மார்லி. சீஃப் சொன்னதுக்காகவா நான் 'ஆம்' போட்டேன்? இது வந்ததுலேர்ந்து டீசல் என்ன விலை விக்குது தெரியுமா? இந்தச் சட்டம் தொலையட்டும்."

"உன் கூரைக்கு மேலயும் அதே காடுதான்டா இருக்கு, கழுதை!"

"இருக்கட்டும். டேங்க்குக்கு உன் காடா வந்து டீசல் ஊத்தும்?"

கதவைச் சாத்திவிட்டான்.

நாங்கள் நூலகத்துக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. வாசலில் ஒரே கூட்டம். எங்கள் பத்துப் பேரும் மழையில் நனைந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வோர் உறை விழும்போதும் நடீன் விசிலடித்தாள். வெர்ன் தன்னுடையதையும் திருத்திப் போட்டான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எனக்கு நேர் முன்னால் ராய்ஸ் நின்றான். பெட்டி வாய்க்கு நீட்டிய அவன் உறையைப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடம் வெள்ளையாக இருந்தது. அப்படியே போட்டால் அந்த ஓட்டை எண்ண மாட்டார்கள். கையெழுத்துக் கேட்டுத் தேர்தல் ஆபீஸிலிருந்து கடிதம் எழுதிக் கூப்பிடுவார்கள். ராய்ஸ் வீட்டில் பிரிக்காத கடிதம் மூட்டையாகக் கிடக்கும்.

பேசாமல் இரு மார்லி, பேசாமல் இரு என்று எனக்கு நானே சொன்னேன். தெற்குச் சரிவு கண்முன்னால் வந்தது. ஆனால் என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"ராய்ஸ்! கையெழுத்துப் போடுடா, மடையா!"

அவன் உறையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பேனா இல்ல."

பத்துக் கோடு கிழித்த என் பேனாவைக் கொடுத்தேன். வைத்து எழுத இடமில்லை. திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினேன். நனைந்த கோட்டின்மேல் உறையை வைத்து, அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டான் ராய்ஸ். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உறையைப் பெட்டிக்குள் தள்ளினான்.

எட்டேகாலுக்கு நடீன் கடையில் எல்லாரும் ஒரே செல்போன்மேல் விழுந்தோம். முதல் எண்ணிக்கை வந்தது. சட்டம் பிழைத்துவிட்டது! மாநிலம் முழுக்க, பெரிய வித்தியாசத்தில்! நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து ஆள் ஓடிவந்தார். வெர்ன் என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான். அவன் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்தது வேறு கதை.

மூன்று வாரம் கழித்து ஊர் வாரியான கணக்கு வந்தது. சீடர் கல்ச்: ஆம் 96, இல்லை 95. எங்கள் ஊரில் சட்டம் தோற்றிருந்தது.

வெர்ன் அதை இரண்டு தடவை படித்தான்.

"ஒரே ஒரு ஓட்டு, மார்லி."

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"சொல்லித்தான் பாரேன். மூணு ஓட்டக் கோட்ட விட்டது யாரு?"

ராய்ஸுக்குப் பேனா கொடுத்ததில் எனக்கு வருத்தமா என்றால், ஒரு சொட்டும் கிடையாது. சரி, ஒரு சொட்டு இருந்தது.

ஏப்ரலில் தெற்குச் சரிவில் ரம்பச் சத்தம் கேட்டது. நான் வாசலிலேயே நின்று அழுதேன். வெட்டிய புதரை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்கி வந்து எங்கள் வேலியோரம் நின்றது. ராய்ஸ் தலையை நீட்டினான். அவன் கையில் அன்றைய வேலைச் சீட்டு இருந்தது.

"மார்லி, பேனா இருக்கா? இதுல கையெழுத்துப் போட்டாத்தான் லோடு எடுப்பாங்களாம்."

எனக்கு வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினேன்.