கொச்சியிலிருந்து வந்த பத்தாவது ஆள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி சிவாஜினி கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏலாது எண்ட சொல்லு உங்களுக்குத் தெரியவே தெரியாதே?" என்று இன்றைக்கும் கேட்பாள். முடியாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பாரிசின் லா சப்பலில் எங்கள் சனத்தில் யாருக்காவது வீடு வேண்டும், வேலை வேண்டும், விசாக் கடிதம் நிரப்ப வேண்டும் என்றால் வாமதேவன் அண்ணையைப் பிடி என்பார்கள். அந்தப் பெருமையில்தான் ஒரு கிழவருக்கும், அவருடைய தாய்க்கும் தங்கைக்கும் நான் பெரிய அநியாயம் செய்தேன்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு முற்றத்துக்குள்ளே, யூதர்களின் சிறிய தொழுகைக்கூடம், சினகோக், இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. பதினொரு வருடங்களாக அதைக் கூட்டித் துடைப்பதும் கதவு திறப்பதும் நான்தான். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை அவர்களுக்கு ஷபாத். லைற் சுவிச்சைத் தொட மாட்டார்கள், போன் எடுக்க மாட்டார்கள், வாகனத்தில் ஏற மாட்டார்கள். லைற்றைப் போடு என்று என்னிடம் நேரே கேட்கவும் கூடாதாம். "கொஞ்சம் இருட்டாக இருக்கிறதே" என்று யாராவது கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் போய்ப் போடுவேன்.

ஒருகாலத்தில் நூறு பேர் வந்த இடமாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருபது பேர். 2019இல் பன்னிரண்டு. அவர்களுக்கு ஆள் எண்ணிக்கை பெரிய விஷயம். வயதுக்கு வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் சில பிரார்த்தனைகளைச் சொல்லலாம். கதிஷ் அதில் ஒன்று. செத்தவருக்காக அவருடைய உரித்தாளர் எழுந்து நின்று சொல்வது. ஒன்பது பேர் என்றால் சொல்ல முடியாது, புத்தகத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஒன்பது பேர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்களில், "என்னையும் சேர்த்தால் பத்து, தொடங்குங்கள்" என்று நான் பகிடி விடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். மொசியூ ரூபின் மட்டும் சிரிக்க மாட்டார்.

மொசியூ ரூபினுக்கு எண்பத்தெட்டு வயது. தையல்காரர். கல்யாணம் கட்டவில்லை. அதே முற்றத்தில் மேல்மாடி அறையில் தனியே இருந்தார். 1942இல், அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, யூதர்களைப் பிடிக்க வந்த பொலிஸ் அவருடைய அம்மாவையும் ஐந்து வயதுத் தங்கை ரெஜினையும் கொண்டுபோனது. இப்போது கீழே சேலைக்கடை இருக்கிற கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து. அவர் பாண் வாங்கப் போனதால் தப்பினார். இருவரும் எங்கே, என்றைக்குச் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொண்டுபோன நாளையே திவச நாளாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் கதிஷ் சொல்லி வந்தார். எங்கள் திதி மாதிரி அவர்களுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. நாள் ஒவ்வொரு வருடமும் மாறி மாறி வரும்.

இதெல்லாம் எனக்கு 2009இல் தெரியவந்தது. வன்னியில் என் தம்பி கரிகாலன் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். உடலும் இல்லை, தேதியும் இல்லை. நான் விளக்குமாற்றைப் பிடித்தபடி சினகோக் வாசலில் இருந்து அழுதேன். மொசியூ ரூபின் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "ஒரு நாளை நீயே தெரிந்தெடு, வாமா. நானும் அப்படித்தான் தெரிந்தெடுத்தேன். நாள் இல்லாமல் விட்டுவிடாதே" என்றார். அன்றிலிருந்து என் தம்பிக்கு ஒரு திவச நாள் உண்டு. அந்த மனுசனுக்காக எதையும் செய்யலாம் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

2019இல் அவருடைய அந்த நாள் ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு வந்தது. ஆகஸ்டில் பாரிசில் யார் இருக்கிறான்? வக்கான்ஸ், கோடை விடுமுறை என்று ஊரே கடலுக்குப் போய்விடும். மத்தியானம் மொசியூ ரூபின் தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தார். அந்த வருடம் அவருக்கு இருதயம் சரியில்லை. "அடுத்த வருடம் நான் இருக்க மாட்டேன். இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டார்.

ஒன்பது பேர் என்று எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணியிருந்தேன். ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே. "பத்து. நான் பொறுப்பு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாருக்கோ இரண்டு வசனம் பேசிவிட்டு மாடிக்குப் போனார். அது யாருக்கு என்று நான் யோசிக்கவில்லை.

பின்னேரம் முழுவதும் அலைந்தேன். ஓர் இறைச்சிக் கடையில் கேட்டேன், ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். எல்லாம் பூட்டு, அல்லது இல்லை என்ற பதில். ஏழு மணிக்கு எனக்கு அந்த யோசனை வந்தது. துனிசியாவிலிருந்து வந்த மொசியூ அத்தால்தான் அங்கே பிரார்த்தனை நடத்துபவர். "உங்கள் பக்கத்திலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் தெரியுமா? கொச்சியில். உன்னைப் போலவே நிறம்" என்று முன்பொருமுறை சொல்லியிருந்தார். யாழ்ப்பாணம் எங்கே, கொச்சி எங்கே. ஆனால் இந்த ஊர்க்காரருக்கு எங்கள் நிறத்தில் எவனைக் கண்டாலும் இந்தியன்தான். அது அன்றைக்கு எனக்கு வாய்ப்பாகப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் போய்விட்டு ஐங்கரன் வந்துகொண்டிருந்தான். பக்கத்து ரெஸ்ரோறன்றில் சமைக்கிறவன், முப்பத்தைந்து வயது, தாடி வைத்தவன், கூப்பிட்டால் வருகிறவன்.

"அரை மணித்தியாலம் ஒரு இடத்தில வந்து இருக்க வேணும். எல்லாரும் ஆமென் எண்டு சொன்னா நீயும் சொல்லு. பேர் கேட்டா எலியா. ஊர் கேட்டா கொச்சி."

"என்னத்துக்கு அண்ணை?"

"ஒரு வயசுபோன மனுசனுக்கு நல்லது செய்யிறம். வா."

அவன் நெற்றியில் திருநீறு இருந்தது. என் லேஞ்சியை எடுத்து நானே துடைத்தேன். தலையில் அவர்களுடைய சின்னத் தொப்பியை வைத்துக் கூட்டிப் போனேன்.

மொசியூ அத்தால் கொச்சி என்றதும் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். ஷபாத் தொடங்கிவிட்டதால் போன் எடுத்து விசாரிக்க வழியில்லை. மொசியூ ரூபின் எழுந்து நின்று கதிஷ் சொன்னார். குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் ஐங்கரனிடம் வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்தார். "எழுபத்தேழு வருடம் ஒன்றைக்கூட விடவில்லை. இதையும் விடவில்லை, உன்னாலே" என்றார். எனக்கு மனம் நிறைந்து வழிந்தது. வீட்டுக்குப் போய் சிவாஜினியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள். "உது சரியில்லை" என்று மட்டும் சொன்னாள்.

நவம்பர் நடுப்பகுதியில் மொசியூ ரூபின் நித்திரையிலேயே போய்விட்டார்.

செத்தவருக்குக் காரியம் செய்ய எங்களுக்கு முப்பத்தோராம் நாள் என்றால் அவர்களுக்கு முப்பதாம் நாள். முப்பதாம் நாள் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனின் மகள் மதாம் ஜெனவியேவ் அறையை ஒதுக்கிவிட்டு ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். மொசியூ ரூபினின் சின்னச் சின்னக் கையெழுத்து. எனக்குப் பிள்ளைகள் இல்லை, கொச்சியிலிருந்து பத்தாவது ஆளாக வந்த எலியா என் அம்மாவுக்காக ஆமென் சொன்னவர், முப்பதாம் நாள் எனக்குக் கதிஷ் அவரே சொல்லட்டும், வாமாவுக்கு அவரைத் தெரியும் என்று எழுதியிருந்தார்.

"கூட்டி வருவீர்கள்தானே?" என்றார் மதாம். ஓம் என்று தலையாட்டினேன். ஏலாது என்ற சொல் எனக்குத் தெரியாதே.

அன்று பகல் நேரே ஐங்கரனின் குசினிக்குப் போனேன். அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"நாலு வரிதான். பிரெஞ்சு எழுத்தில எழுதித் தாறன், பாடமாக்கு."

"ஏலாது அண்ணை."

"ஒருக்காச் செய்தனிதானே?"

"அண்டைக்கு என்ன ஏதெண்டு தெரியாமல் வந்தன். அந்த மனுசன் கையைப் பிடிக்கேக்கைதான் விளங்கினது. நீங்கள் என்ர திருநீறைத் துடைச்சியள். அண்டையிலயிருந்து கோயிலுக்குப் போக எனக்கு மனம் வரேல்லை." கத்தியைக் கீழே வைத்தான். "உயிரோட இருந்தவருக்குப் பொய் சொன்னது காணும். செத்தவருக்கும் சொல்லேலாது."

இரண்டு இரவும் நான் படுக்கவில்லை. முப்பதாம் நாள் டிசம்பர் கிறேவுக்குள்ளே, போக்குவரத்து வேலைநிறுத்தத்துக்குள்ளே, வந்து விழுந்தது. மெத்றோ இல்லை, பஸ் இல்லை. தூரத்து ஆட்கள் யாரும் வர முடியவில்லை. நடந்து வந்தவர்கள் ஒன்பது பேர். மதாம் ஜெனவியேவ் பெண்கள் பக்கத்தில் தனியே இருந்தார். பெண்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

"எலியா எங்கே?" என்றார் மொசியூ அத்தால். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டேன். எலியா இல்லை, ஐங்கரன். கொச்சி இல்லை, கொக்குவில். யூதன் இல்லை. எல்லாம் என் வேலை. என் பிரெஞ்சு அவ்வளவு மோசமாக என்றைக்கும் இருந்ததில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மொசியூ அத்தால் புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். மதாம் ஜெனவியேவ் எழுந்து என் அருகே வந்தார்.

"அன்றைக்கு அவருக்கு என் வீட்டில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். பத்தொன்பதாம் வட்டாரத்தில். எங்கள் சினகோக்கில் ஆகஸ்டிலும் அறுபது பேர் வருவார்கள். இருட்ட முன்பு காரில் கூட்டிப்போக இருந்தேன். மத்தியானம் போன் எடுத்தார். வர வேண்டாம், இங்கேயே பத்துப் பேர் இருக்கிறோம், அம்மாவைக் கொண்டுபோன தெருவிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார்."

எழுபத்தாறு வருடம் ஒன்றையும் தவறவிடாத மனுசன். கடைசியைத் தவறவிட வைத்தவன் நான். அது தெரியாமலேயே அவர் என் கையாளுக்கு நன்றி எழுதி வைத்துவிட்டுச் செத்திருக்கிறார்.

"எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?" என்று மொசியூ அத்தாலிடம் கேட்டேன்.

"ஆறு மணி வரை" என்றார் என்னைப் பார்க்காமலே.

நான் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். கிறேவ் என்றபடியால் அங்கே சனம் அடைந்துபோய் நின்றது. ஒன்றிரண்டு ரயிலுக்கு ஆயிரக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு ஆணாகப் போய் நீங்கள் யூதரா என்று கேட்டேன். இரண்டாவது ஆளிடம் கேட்கும்போதே அது எப்படிப்பட்ட கேள்வி என்று விளங்கிவிட்டது. இதே ஊரில் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதானே அந்த மூன்றாம் மாடிக்கு ஏறியிருப்பார்கள். ஒருவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விலகினார். ஒருவர் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளினார். ஒரு இளைஞன் போனில் என்னைப் படம் பிடித்தான். செத்தவருக்குப் பிரார்த்தனை, ஒரு ஆள் குறைகிறது என்று சொல்ல வாயெடுப்பேன்; அதற்குள் போய்விடுவார்கள். கடைசியில் இரண்டு பொலிஸ் வந்து கார்ட் து செஜூரை, வதிவிட அட்டையை, கேட்டார்கள். காட்டினேன். இன்னொருமுறை யாரையாவது தொந்தரவு செய்தால் ஏற்றிக்கொண்டு போவோம் என்றார்கள்.

ஐந்து நாற்பது. படிக்கட்டில் இருந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதுக் கிழட்டு மாடு, நடு ஸ்ரேசனில் வாய்விட்டு அழுதேன். மொசியூ ரூபின் என்றும் கதிஷ் என்றும் ரெஜின் என்றும் தம்பி என்றும் என்னவோ சொல்லி அழுதேன்.

முன்னால் ஒரு பயணப்பெட்டி வந்து நின்றது. சாம்பல் நிறக் கோட்டுக்காரர். பத்து நிமிடம் முன்பு நான் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"ஒன்பது" என்றேன். என்னைச் சேர்க்கவில்லை.

"தூரமா?"

"ஏழு நிமிடம்."

அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் முன்னால் போய்ச் சனத்தை விலக்கி வழி எடுத்தேன். போகும் வழியில் செத்தவரின் பெயரைக் கேட்டார், சொன்னேன். சேலைக்கடையைக் கடந்தபோது மூன்றாம் மாடியைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமைக்கு நான் இனி எங்கே போய் ஆள் பிடிப்பேன்?